பிப்ரவரியில் கெய்ர்ன்கார்ம்ஸ்: சைக்கிளில் போய் மலையேறித் திரும்ப ஒரு பகல் போதுமா?

வாடைக்காற்று கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அபர்டீனில் இருக்கிறேன். கோடையில் மன்ரோ மலைகள் சிலவற்றில் ஏறியிருக்கிறேன் (புதிதாக வருபவர்களுக்காக: ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேல் இருக்கும் மலைகளை மன்ரோ என்பார்கள், பட்டியலில் இப்போது 282 இருக்கின்றன). குளிர்காலத்தில் காட்டுப் பாதைகளோடு நின்றுவிடுவேன், மேலே போனதில்லை. இந்த வருடம் போயே தீருவது என்று இருக்கிறேன்.

திட்டம் இதுதான். பிப்ரவரி நடுவில் ஒரு சனி அல்லது ஞாயிறு, கெய்ர்ன்கார்ம்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே இருக்கும் பிரேமார் ஊர் வழியாக காரில் லின் ஆஃப் டீ வரை போவது. அங்கிருந்து கிளென் லூயி பள்ளத்தாக்கு வழியாக டெரி லாட்ஜ் வரை சைக்கிள். சுமார் 5 கி.மீ.தான், ஏற்றமும் பெரிதாகக் கிடையாது, கோடையில் இருபத்தைந்து நிமிடத்தில் போய்விட்டேன். சைக்கிளை அங்கே பூட்டிவிட்டு டெரி கெய்ர்ன்கார்ம் (1155 மீ.) ஏறி, நேரம் இருந்தால் அப்படியே பென் மக்டூயியும் (1309 மீ.) பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சைக்கிளுக்குத் திரும்பிவிட வேண்டும்.

என்னிடம் இருப்பது சாதாரண மவுண்டன் பைக், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பனியில் இது ஓடுமா, ஆணி பதித்த டயர் வாங்கியே ஆக வேண்டுமா? மலை பூட்ஸோடு பெடல் மிதிக்க முடியுமா, இல்லை இரண்டு ஜோடி தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி), கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம்) இரண்டும் இன்னும் வாங்கவில்லை. காலணியில் ரப்பர் பட்டையோடு மாட்டும் மைக்ரோஸ்பைக் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, இது ஒரு பகலில் முடிகிற காரியமா? தனியாகப் போகவில்லை, கூட வேலை செய்பவர் ஒருவரும் வருகிறார், ஆனால் அவருக்கும் குளிர்கால மலை புதிது.

நெடுவழி எழுதியது:

தம்பி, முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அப்புறம். பிப்ரவரி நடுவில் பிரேமார் பக்கம் ஏழே முக்கால் வாக்கில் சூரியன் வந்து ஐந்தே காலுக்குள் போய்விடும். ஒன்பதரை மணி நேர வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்றரைக்கே முடிந்துவிடும், ஆகவே பிப்ரவரிக்குத் தள்ளி வைத்தது நல்ல முடிவு. லின் ஆஃப் டீயிலிருந்து டெரி கெய்ர்ன்கார்ம், மக்டூயி இரண்டையும் சுற்றி வந்தால் 28, 29 கி.மீ. ஆகும், கோடையிலேயே ஒன்பது பத்து மணி நேர வேலை. 1892இல் நெய்ஸ்மித் வகுத்த கணக்கைத்தான் இங்கே இன்னும் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்: மணிக்கு 5 கி.மீ. நடை, அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம். அது கெட்டித் தரையில், நன்றாக நடக்கக்கூடியவருக்கு. முழங்கால் வரை புதைகிற பனியில் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கலாம்.

சைக்கிள் உங்களுக்குத் தருவது போக வரச் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதுவும் தடம் நன்றாக இருந்தால். ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறதே, இன்னொரு உச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலருக்கும் தோன்றும், உங்கள் "நேரம் இருந்தால்" கூட அங்கிருந்துதான் வருகிறது. குளிர்காலத்தில் அந்த ஒரு மணி நேரத்தைத் திட்டத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் கட்சி. அது கையிருப்பு. கிராம்பான் பட்டை அறுந்தாலோ, கூட வருபவருக்குக் கால் பிசகினாலோ, மேகம் இறங்கி வழி தேட வேண்டி வந்தாலோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சைக்கிளே இல்லாமல் முழுக்க நடந்தாலும் வெளிச்சத்துக்குள் முடிந்துவிடும் என்கிற மலையாகப் பாருங்கள். அதற்கு சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் பாதி தானாகவே வந்துவிடும்.

மக்டூயியை இந்த முறை விட்டுவிடுங்கள். பிரிட்டனின் இரண்டாவது உயரமான மலை, ஆனால் மேலே கூரான முனை எதுவும் கிடையாது, அகன்ற மேட்டுச் சமவெளி. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டால் காலடியில் இருப்பது ஏற்றமா இறக்கமா என்றே தெரியாது. திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு காலடிகளை எண்ணி நடக்கப் பழகியவர்களுக்கான இடம் அது. 1971 நவம்பரில் எடின்பரோவிலிருந்து வந்த ஒரு பள்ளிக் குழு அந்தச் சமவெளியில் இருந்த சிறு குடிலைத் தேடிப் போய், புயலில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் லோக்கன் பூயி என்ற சிறு ஏரி அருகே இரண்டு இரவுகள் வெட்டவெளியில் கிடந்தது. ஐந்து மாணவர்களும் உடன் வந்த இளம் பயிற்றுநர் ஒருவரும் இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட குடில்களை நம்பித்தான் ஆட்கள் அந்த உயரத்துக்குப் போகிறார்கள் என்று பெரிய விவாதம் நடந்து, பின்னர் அவற்றில் சிலவற்றை அகற்றியே விட்டார்கள். பக்கத்தில் கெய்ர்ன் கார்ம் உச்சியில் இருக்கும் வானிலைக் கருவி 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் காற்றைப் பதிவு செய்திருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கோடையில் நீங்கள் பார்த்த மலை வேறு, பிப்ரவரியில் பார்க்கப்போவது வேறு.

டெரி கெய்ர்ன்கார்ம் மட்டும் என்றால் முடியும், ஆனால் முதல் குளிர்கால மலையாக அதைச் சொல்ல மாட்டேன். உச்சியைச் சுற்றி முழுக்கப் பாறைக் குவியல். அதன் மேல் மெல்லிசாகப் பனி மூடியிருக்கும்போது இரண்டு கல்லுக்கு நடுவே கால் தொடை வரை இறங்கிவிடும், முழங்கால் திரும்புவது அப்படித்தான்.

அபர்டீனில் இருப்பவருக்கு மவுண்ட் கீன் இருக்கும்போது வேறு எதற்கு? 939 மீ., மன்ரோக்களில் கிழக்குக் கோடியில் இருப்பது. அபாய்ன் பக்கத்தில் கிளென் டானரில் காரை விட்டால் பைன் காட்டுக்குள் ஆற்றை ஒட்டியே ஒன்பது பத்து கி.மீ. அகலமான தடம், சைக்கிளுக்கென்றே அமைந்தது போல. தடம் ஆற்றை விட்டு மேலே திரும்பும் இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு உச்சிக்கு மூன்று நான்கு கி.மீ. நடை. 1861இல் விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட் இளவரசரும் மட்டக்குதிரைகளில் இந்த மலையைத் தாண்டித்தான் தெற்கே கிளென் மார்க்குக்கு இறங்கினார்கள், அவ்வளவு பழைய வழி. அகன்ற தோள், தெளிவான பாதை, பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம்.

பெடல்சத்தம் எழுதியது:

மலையைப் பற்றி நெடுவழி அண்ணன் சொல்லிவிட்டார். நான் சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சைக்கிள் பழுது பார்ப்பதுதான் எனக்குத் தொழில்.

புதுப் பனி நான்கு விரற்கடை விழுந்திருந்தால் உங்கள் வண்டி தாராளமாக ஓடும், டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். ஒரு சாணுக்கு மேல் போனால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தொல்லை ஐஸில்தான் இருக்கிறது. இந்த எஸ்டேட் (பெரிய தனியார் நிலம்) தடங்களில் லேண்ட் ரோவர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். பகலில் உருகிய நீர் அந்தப் பள்ளத்தில் ஓடி இரவில் உறைந்துவிடும், பைன் மர நிழலில் இருந்தால் அடுத்த நாள் முழுக்கவும் அப்படியே கிடக்கும். மேலே தூசி மாதிரிப் பனி தூவியிருந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சாதாரண டயரில் அதன் மேல் ஏறினால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கீழே கிடப்பீர்கள்.

ஆகவே ஒவ்வொரு குளிர்காலமும் இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஆணி டயர் வாங்குங்கள். டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்ததாகப் பாருங்கள், வெறும் இரும்பு ஆணி ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். இரண்டு சக்கரத்துக்கும் போடுவதுதான் சரி, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம், முன்சக்கரம் போனால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கியதும் நேராக ஐஸில் இறக்காதீர்கள், முதல் முப்பது நாற்பது கி.மீ. தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டி ஆணிகள் உட்காரட்டும். இந்த ஒரு நாளுக்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம், ஐஸ் தெரிகிற இடத்தில் இறங்கி, ஓரத்து ஹெதர் புதர் மேல் நடந்து தள்ளிக்கொண்டு போங்கள்.

மலை பூட்ஸோடு தாராளமாக மிதிக்கலாம். அகலமான தட்டை பெடல், அதில் கூரான பின்கள் இருந்தால் இன்னும் நல்லது. அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் கணுக்கால் கொஞ்சம் மரத்துப்போனது மாதிரி இருக்கும், பத்து கி.மீ.க்கு அது ஒரு விஷயமே இல்லை. வலது கால் கெய்ட்டரை (பூட்ஸ் மேல் கட்டும் கால் உறை) இழுத்துக் கட்டுங்கள், செயினில் மாட்டினால் கெய்ட்டரும் போகும் நீங்களும் போவீர்கள். ஐஸ் ஆக்ஸ் பைக்கு வெளியே தொங்கும் என்பதால் முனைகளுக்கு ரப்பர் உறை கட்டாயம். வழுக்கி விழும்போது அது எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது.

சைக்கிளை விட்டுவிட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து வரும்போது என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வரும் வழியில் ஓடையைக் கடந்திருப்பீர்கள், கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கும், அது உறைந்தால் கியர் மாறாது. ஆகவே திரும்பும்போது எந்த கியர் வேண்டுமோ அதில் வைத்துவிட்டுப் போங்கள். டிஸ்க்கும் பிரேக் பேடும் ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், நிறுத்துவதற்கு முன்னால் பிரேக்கைப் பிடித்து விட்டு உருட்டிக் கொஞ்சம் காயவிடுங்கள். பின் ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) பழைய கெட்டி கிரீஸ் இருந்தால் குளிரில் இறுகி உள்ளே இருக்கும் சின்னப் பற்கள் விரியாது. பெடல் வெறுமனே சுற்றும், சக்கரம் நகராது. டிசம்பருக்கு முன்னால் ஹப்பைத் திறந்து சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் விடச் சொல்லுங்கள், எந்தக் கடையிலும் செய்வார்கள். பூட்டின் சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும். பம்ப், ட்யூப் எல்லாம் சைக்கிளோடு விடாமல் பையில் இருக்கட்டும், மரத்துப்போன விரலோடு ட்யூப் மாற்றுவது பெரிய பாடு.

இன்னொன்று, மின்சார சைக்கிளில் வரலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 250 வாட், மணிக்கு 15.5 மைலுக்கு மேல் மோட்டார் உதவாத வகை என்றால் சட்டப்படி அதுவும் சைக்கிள்தான், வரலாம். ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கனமும் அதிகம், ஐஸில் தள்ள வேண்டி வந்தால் திண்டாட்டம்.

மாரிமழை எழுதியது:

நான் இன்வர்னஸில் இருக்கிறேன், ஊர் வவுனியா. மைக்ரோஸ்பைக் போதும் என்று சொன்ன உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது தட்டையான தடத்துக்கு மிகவும் நல்லது, சைக்கிள் தள்ளும்போது காலில் மாட்டிக்கொள்ளுங்கள், நானும் அதற்குத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இறுகிய பனிச் சரிவில் அந்த ரப்பர் பட்டை ஒரு பக்கம் இழுபட்டுக் கால் நழுவும். அங்கே கிராம்பான்தான் வேண்டும், அதற்கு ஏற்ற விறைப்பான பூட்ஸ் வேண்டும். பி1 பூட்ஸ், சி1 கிராம்பான் என்று கடையில் கேளுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கோடைக்கால மென்மையான பூட்ஸில் கிராம்பான் கழன்றுவிடும்.

ஐஸ் ஆக்ஸை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு போனால் மட்டும் ஒரு பயனும் இல்லை. வழுக்கிய அடுத்த நொடியே உடம்பைத் திருப்பி முனையைப் பனியில் அழுத்த வேண்டும், வேகம் எடுத்துவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. தலைகீழாக விழுந்தால் எப்படி, மல்லாந்து விழுந்தால் எப்படி என்று, கீழே பாறை இல்லாத, தானாகவே நின்றுவிடுகிற சிறு சரிவில் திரும்பத் திரும்ப விழுந்து பழக வேண்டும். அவிமோர் பக்கத்தில் கிளென்மோர் லாட்ஜில் குளிர்கால நடைக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து போய் வாருங்கள், கருவி வாங்குகிற காசைவிட நல்ல செலவு.

பனிச்சரிவு (மலையில் பனி இடிந்து வருவது) அறிக்கையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு நாள் மாலையும் மறுநாளுக்கான அறிக்கை போடுகிறது. வடக்கு கெய்ர்ன்கார்ம்ஸ், தெற்கு கெய்ர்ன்கார்ம்ஸ் என்று தனித்தனியாக வரும், இரண்டையும் பாருங்கள். அபாயத்தை 1 முதல் 5 வரை தருவார்கள், ஆனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று வட்டப் படம் இருக்கும், அதுதான் முக்கியம். தென்மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் மேலே விழுந்த பனியை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் வடகிழக்குச் சரிவில் கொட்டும். உங்கள் பக்கம் புல்லும் கல்லும் தெரியும், முதுகைத் தாண்டிய அந்தப் பக்கம் பலகை பலகையாகப் பனி குவிந்திருக்கும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் இடிந்து வரும். மவுண்ட் கீனில் வழக்கமான பாதை அகன்ற முதுகில் போவதால் இந்தத் தொல்லை குறைவு, நெடுவழி சொன்ன தேர்வு நல்லது.

வானிலைக்கு ஊர் அறிக்கை உதவாது, மலை வானிலைச் சேவையின் அறிக்கையைப் பாருங்கள். அதில் உறைநிலை எந்த உயரத்தில் என்றும் உச்சியில் காற்று எவ்வளவு என்றும் எழுதியிருப்பார்கள். மேலே −5 டிகிரி, காற்று மணிக்கு 60 கி.மீ. என்றால் முகத்துக்கு அது −16 மாதிரி. சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான். காற்றே இல்லாத 0 டிகிரியில் 25 கி.மீ. வேகத்தில் இறங்கினாலே −6 மாதிரி இருக்கும், அதுவும் நாள் முழுக்க நடந்து வியர்த்த உடம்போடு.

ஆகவே சைக்கிளில் போகும்போது ஒரு உடுப்பைக் குறைத்துக்கொண்டு, கொஞ்சம் குளிரோடு வெளிக்கிடுங்கள். வியர்க்கும் அளவுக்கு மிதிக்காதீர்கள். சைக்கிளை விடும் இடத்தில் உள்சட்டையை மாற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த இரண்டு நிமிடக் குளிரைப் பொறுத்துக்கொண்டால் மற்ற நாள் முழுக்க நன்றாக இருக்கும். கையுறை மூன்று ஜோடி. அதில் ஒன்றைத் திரும்பும் வழிக்கென்று பைக்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள், என்ன நடந்தாலும் மலையில் அதை எடுக்கக் கூடாது. ரப்பர் குழாய் வைத்த தண்ணீர்ப் பை குழாயிலேயே உறைந்துவிடும், ஃபிளாஸ்கில் சூடாக இஞ்சித் தேநீர் கொண்டுபோங்கள். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எல்லாம் மேலே போனால் கல்லாகிவிடும், உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால்தான் கடிக்க முடியும்.

வாடைக்காற்று எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மக்டூயியை விட்டுவிட்டேன், டெரி கெய்ர்ன்கார்மும் அடுத்த வருடத்துக்கு. நெடுவழி அண்ணா சொன்ன அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மவுண்ட் கீன் முழுக்க நடந்தால் 27 கி.மீ., ஏற்றம் 770 மீ. சொச்சம். நெய்ஸ்மித் கணக்கில் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது, பனிக்கு ஒன்றரை மணி நேரம் சேர்த்தாலும் ஒன்பதரை மணி நேர வெளிச்சத்துக்குள் அடங்குகிறது. சரியா? பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டிருக்கிறேன், பிப்ரவரி தொடக்கத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஒரு சந்தேகம், எஸ்டேட் என்கிறீர்களே, சைக்கிளில் உள்ளே போக அனுமதி வாங்க வேண்டாமா?

கல்லும்முள்ளும் எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். முதல் குளிர்கால மலைக்கு சைக்கிளே வேண்டாம். சைக்கிளில் போகும்போது கவனமெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு கஜத்தில்தான் இருக்கும். நடந்து போனால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவோ தெரிந்துவிடும், மேலே முகட்டில் பனி புகை மாதிரி பறக்கிறதா, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நேற்று விழுந்த பனி காலடியில் எப்படி உடைகிறது, மான் கூட்டம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் பார்த்துப் பழகுவதுதான் குளிர்கால நடை. அதோடு சைக்கிள் இருந்தால் கட்டாயம் அதே இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். காற்று மாறி வேறு பக்கம் இறங்குவது நல்லது என்று தோன்றினாலும், சைக்கிள் அங்கே நிற்கிறதே என்று மனம் இழுக்கும். பின்னேரம் களைத்துப்போன காலோடு, இருட்டில், ஐஸ் மேல் சைக்கிள் ஓட்டுவது அந்த நாளிலேயே ஆபத்தான பகுதி என்று நான் நினைக்கிறேன். உச்சியில் கவனமாக இருந்தவர்கள் தடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள்.

நெடுவழி எழுதியது:

கல்லும்முள்ளும் சொல்வதில் திரும்பும் வழி பற்றியது முழுக்கச் சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். மலையைப் பார்த்துப் பழகுவது பற்றியும் மறுக்கவில்லை. ஆனால் கிளென் டானர் மாதிரி ஒன்பது பத்து கி.மீ. உள்ளே போகும் பள்ளத்தாக்கில் சைக்கிள் இல்லாமல் போனால் கடைசி இரண்டு மணி நேரம் களைத்த காலோடு தடத்தை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். எனக்கு சைக்கிளில் போவது பிடிக்கும் என்பதும் உண்மை. விடியற்காலையில் அந்தப் பழைய பைன் மரங்களுக்கு நடுவே உறைந்த தடத்தில் டயர் நெறுநெறுவென்று போகும் சத்தம், பக்கத்தில் டானர் ஆற்றின் ஓரமெல்லாம் கண்ணாடியாக உறைந்து நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடும், மரம் முடியும் இடத்தில் திடீரென்று முழு மலையும் வெள்ளையாக எதிரே நிற்கும். மேலே ஏறினால் வெள்ளை முயல்கள் காலடியிலிருந்து எழுந்து ஓடும், கற்களுக்கு நடுவே டார்மிகன் பறவை மிதிக்கப்போகும் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்த நாளை இழக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாடைக்காற்று தம்பி, கணக்கு சரி. அதைக் கொஞ்சம் நேரமாக மாற்றிச் சொல்கிறேன். ஏழரைக்கு, அரை வெளிச்சத்தில் காரை விட்டுக் கிளம்புங்கள். தடம் நன்றாக இருந்தால் எட்டே முக்காலுக்குள் மலையடிவாரம், அவசரப்படாமல். ஒன்பதரை ஆகியும் நீங்கள் இன்னும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தால் அன்றைக்கு மலை கிடையாது, காட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்புங்கள், அதுவும் நல்ல நாள்தான். மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும். இரண்டரை வாக்கில் சைக்கிளுக்கு வந்துவிட்டால் காட்டுக்குள் போகும்போது நல்ல வெளிச்சம் இருக்கும், கல்லும்முள்ளும் சொன்ன இருட்டு ஐஸ் பிரச்சினையே வராது. இந்த மூன்று நேரங்களையும் இருவரும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், மேலே போய் நின்றுகொண்டு பேசினால் எப்போதும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் முடியும்.

அனுமதி எதுவும் வேண்டாம். 2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம் நடந்தும் சைக்கிளிலும் குதிரையிலும் போக எல்லோருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது, பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது, எஸ்டேட் கேட் பூட்டியிருப்பது அதற்காக, சைக்கிள் போக கேட்டுக்குப் பக்கத்தில் சிறு வழி இருக்கும். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். பெண் மான்களைச் சுடும் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை, நீங்கள் போகும் நாள் அதன் கடைசியில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாகச் சுட மாட்டார்கள், ஆகவே ஞாயிறாகப் பாருங்கள். அறிவிப்புப் பலகை ஏதாவது இருந்தால் நின்று படியுங்கள்.

மாரிமழை எழுதியது:

இரண்டு விஷயம் விட்டுப்போனது. பள்ளத்தாக்குக்குள் போனதும் சிக்னல் அடிக்கடி போய்விடும், பேச முடியாத இடத்திலும் 999 அவசர எண்ணுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி சில நேரம் போய்ச் சேரும். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999 எண்ணுக்கு அனுப்பினால் வழி சொல்வார்கள், இன்றைக்கே செய்துவிடுங்கள். உதவி தேவைப்பட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். அவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை. ஹெட் டார்ச் ஆளுக்கு ஒன்று, கூடுதல் பேட்டரியோடு. போன் உள் பாக்கெட்டில், குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். வரைபடத்தைக் காகிதத்தில் கொண்டுபோங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

பதிவு செய்துவிட்டேன், இரண்டு நிமிட வேலை. ஞாயிறு என்று முடிவு. நண்பரிடம் ஏழரை, ஒன்பதரை, பன்னிரண்டரை மூன்றையும் அனுப்பினேன், ஒன்பதரைக்குத் திரும்பச் சொன்னால் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன், உடனே ஒப்புக்கொண்டார். ஹப்பை அடுத்த வாரம் திறக்கக் கொடுக்கிறேன். ஆணி டயர் இந்த முறை இல்லை, மைக்ரோஸ்பைக் இருவரிடமும் இருக்கும். முதல் நாள் மாலை அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன், யாராவது ஒரு கண் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெடல்சத்தம் எழுதியது:

போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம். ஹப்போடு பிரேக் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் தடத்து மணல் ஒரே நாளில் பாதியைத் தின்றுவிடும்.